பட்டா மாறுதல் நிற்கிறது, பணம் கேட்கிறார்கள்: மனுவா, ஆர்டிஐயா, லஞ்ச ஒழிப்புத் துறையா, நீதிமன்றமா?

கிரயம் முடிந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. பத்திரம் கையில் இருக்கிறது, பட்டா இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கிறது. வி.ஏ.ஓ. அலுவலகத்தில் கேட்டால் "சர்வேயர் லாகின்ல நிக்குது" என்கிறார்கள். சர்வேயரைக் கேட்டால் "நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்கிறார். இந்த இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: கொடுக்காமல் வேலையை முடிக்க முடியுமா? முடியும் என்றால் யாரிடம் போவது?

முடியும். ஆனால் ஊரில் யாராவது சொன்னார்கள் என்று கிடைத்த வழியில் எல்லாம் போய்க்கொண்டிருந்தால் முடியாது. தமிழ்நாட்டில் இதற்கு உள்ள வழிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைச் சிக்கலுக்காக ஏற்பட்டவை. உங்கள் சிக்கல் எந்த வகை என்று முதலில் தெரிய வேண்டும். வகை மூன்றுதான். விண்ணப்பத்துக்குப் பதிலே இல்லாமல் கிடப்பில் கிடப்பது ஒன்று. ஏதோ காரணம் எழுதி நிராகரித்துவிடுவது இன்னொன்று. தொகை சொல்லிப் பணம் கேட்பது மூன்றாவது. கிடப்பில் கிடக்கும் கோப்புக்கு லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போனாலும், நிராகரிக்கப்பட்ட விண்ணப்பத்துக்கு வாராவாரம் ஆட்சியரிடம் மனு கொடுத்தாலும் மாதங்கள்தான் வீணாகும்.

எந்த வழியில் போவதற்கும் முன்னால் இரண்டு விஷயங்களைச் சரிசெய்துகொள்ளுங்கள். ஒன்று, விண்ணப்ப எண். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் எண்ணோடு ரசீது கிடைக்கும். வெள்ளைத்தாளில் எழுதி வி.ஏ.ஓ.விடம் கையில் கொடுத்துவிட்டு வந்த விண்ணப்பத்துக்கு எந்தத் தேதியும் கிடையாது, தேதி இல்லாத தாமதத்தை யாரிடமும் நிரூபிக்க முடியாது. இரண்டு, உங்கள் ஆவணங்கள். உங்களுக்கு விற்றவர் பெயரில்தான் இப்போதைய பட்டா இருக்கிறதா? இல்லை, அவருடைய இறந்துபோன அப்பா பெயரிலேயே நிற்கிறதா? அப்படியானால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் சேர்த்திருக்கிறீர்களா? வில்லங்கச் சான்றில் உள்ள பரப்பும் பத்திரத்தில் உள்ள பரப்பும் ஒத்துப்போகின்றனவா? பணம் கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த ஓட்டைகளைக் காட்டித்தான் கேட்கிறார்கள். ஓட்டையை அடைத்துவிட்டால் கேட்பதற்கு அவர்கள் கையில் காரணம் மிஞ்சாது.

எதை வைத்து எடை போடுவது

ஒவ்வொரு வழியையும் ஐந்து கேள்விகளால் எடை போட்டிருக்கிறேன். எத்தனை நாள் ஆகும்? போக்குவரத்து, இழந்த நாள்கூலி எல்லாம் சேர்த்து எவ்வளவு செலவு? அங்கே இருப்பவருக்கு உங்கள் விண்ணப்பத்தின் மேல் உத்தரவு போடும் அதிகாரம் இருக்கிறதா, கீழே அனுப்பி வைக்கும் அதிகாரம் மட்டும்தானா? உங்கள் பெயர் எவ்வளவு தூரம் வெளியே தெரியும்? (நிலம் இருக்கும்வரை இதே அலுவலகத்துக்குத்தான் வந்துபோக வேண்டும்.) கடைசியாக, எல்லாம் முடிந்ததும் பட்டா கைக்கு வருமா, கேட்டவருக்குத் தண்டனை மட்டும் கிடைக்குமா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் யோசிப்பதே இல்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

| வழி | கைச்செலவு | காலக்கெடு | எப்போது பொருத்தம் |
|---|---|---|---|
| 1100 (அரசின் குறைதீர்ப்பு உதவி எண்), ஆட்சியர் மனு | இல்லை | அரசாணைப்படி ஒரு மாதம் | சிறிய தாமதம் |
| ஜமாபந்தி | இல்லை | ஆண்டுக்கு ஒருமுறை | கிராமக் கணக்கில் பிழை |
| ஆர்டிஐ | 10 ரூபாய் | சட்டப்படி 30 நாள் | கோப்பு கிடப்பில் |
| கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு | ஆவண நகல் செலவு | விசாரணையைப் பொறுத்தது | நிராகரிப்பு |
| லஞ்ச ஒழிப்புத் துறை | கேட்ட தொகை சாட்சியமாகப் போகும் | பொறிவைத்துப் பிடிப்பது சில நாளில், வழக்கு பல ஆண்டு | நேரடியாகப் பணம் கேட்டால் |
| உயர் நீதிமன்றம் | வழக்கறிஞர் கட்டணம் | மாதங்கள் | மற்றவை பலிக்காதபோது |

கொடுத்துவிடுவது

பலர் எடுக்கும் முடிவு இதுதான் என்பதால் இதையும் ஒரு வழியாகவே எடை போடுகிறேன். வேகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ரசீது கிடையாது. சர்வேயருக்கு என்று புரோக்கர் வாங்கிய பணம் சர்வேயரிடம் போனதா என்று உங்களுக்குத் தெரியாது. அளந்து முடிந்ததும் அடுத்த மேசைக்கு என்று இன்னொரு தொகை வரும். சான்றிதழ் விஷயங்களில் புரோக்கர் கொண்டுவந்து தருவது போலியாக இருந்து, வேலையில் சேரும்போது சரிபார்ப்பில் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு.

சட்டமும் மாறிவிட்டது. ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் தனிக் குற்றம், ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் காவல் துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்துவிட்டால் அவருக்குத் தண்டனை இல்லை. ஏற்கெனவே கொடுத்துவிட்டு இதைப் படிப்பவர்கள் இந்த ஏழு நாள் கணக்கை மனதில் வையுங்கள்.

கணக்கில் வராத செலவு ஒன்று உண்டு. நீங்கள் கொடுக்கும் தொகைதான் அந்த கிராமத்தில் அடுத்தவருக்குச் சொல்லப்படும் விலை. கணவர் இறந்து வாரிசுப் பட்டாவுக்கு வந்து நிற்கும் பெண்ணிடமும் அதே விலைதான் சொல்வார்கள். அவரிடம் அது இருக்காது.

1100, ஆட்சியரின் திங்கட்கிழமை மனு

எல்லோரும் முதலில் போகும் இடம். 1100க்கு அழைத்தாலோ இணையத்தில் பதிந்தாலோ மனு எண் வரும். திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. வெளியே மரத்தடியில் மனு எழுதித் தருபவர்களுக்குக் கொடுப்பது தனி. மனு பெற்றதற்கு மூன்று நாளில் ஒப்புகையும் ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் அரசாணை எண் 99 சொல்கிறது. மனுவின் கீழே அந்த எண்ணைக் குறிப்பிடுங்கள்.

இதன் பலவீனம், மனு போய்ச் சேரும் இடம். ஆட்சியர் வாங்கிக் கீழே அனுப்ப, அது கோட்டாட்சியர், வட்டாட்சியர் என்று இறங்கி, நீங்கள் யாரைப் பற்றிச் சொன்னீர்களோ அவருடைய மேசையிலேயே "அறிக்கை தருக" என்று உட்காரும். அவர் "மனுதாரர் உரிய ஆவணங்களைச் சமர்ப்பிக்கவில்லை" என்று ஒரு வரி எழுதினால் மனு முடித்துவைக்கப்படும். உங்கள் கைப்பேசிக்குத் தீர்வு காணப்பட்டதாகக் குறுஞ்செய்தி வரும்.

ஆட்சியர் அலுவலக வாசலில் ஏன் பைகளைச் சோதிக்கிறார்கள் என்று யோசித்திருப்பீர்கள். 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை பற்றித் திரும்பத் திரும்ப மனு கொடுத்தும் பலன் கிடைக்காத ஒரு குடும்பம் தீக்குளித்து இறந்தது. மனுவை வாங்கி வைத்துக்கொள்வது வேறு, தீர்ப்பது வேறு என்பதை அரசு அலுவலகங்கள் அந்த ஒரு சம்பவத்திலேயே கற்றிருக்க வேண்டும்.

ஆகவே இதை ஒருமுறை பயன்படுத்துங்கள். மனுவில் "லஞ்சம் கேட்கிறார்கள்" என்று பொதுவாக எழுதாமல், விண்ணப்ப எண், தேதி, நிர்ணயித்த நாள் எத்தனை, கடந்த நாள் எத்தனை என்று எழுதுங்கள். முழுப் புலமாக (சர்வே எண்ணின் நிலம் முழுவதும்) இருந்தால் 15 நாள், அதில் ஒரு பகுதியை அளந்து பிரித்து உட்பிரிவு செய்ய வேண்டியதாக இருந்தால் 30 நாள் என்பதுதான் பட்டா மாறுதலுக்குச் சொல்லப்பட்டிருக்கும் காலம். ஒரு மாதம் பாருங்கள். அதே மனுவை மூன்றாவது திங்கட்கிழமை கொண்டுபோவதில் பயன் இல்லை.

ஜமாபந்தி

நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிவதில்லை. வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு ஜூன் 30இல் முடிவதற்கு முன், பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில், ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஜமாபந்தி எனப்படும் வருவாய்த் தீர்வாயம் நடக்கும். கிராமம் கிராமமாக நாள் குறித்து, அடங்கல், சிட்டா முதலிய கணக்குகளை ஆட்சியர் அல்லது அவர் நிலைக்கு அடுத்த அதிகாரி உட்கார்ந்து தணிக்கை செய்வார். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), வட்டாட்சியர், சர்வேயர் எல்லோரும் அன்று அங்கே இருந்தாக வேண்டும். "அவர்கிட்ட இருக்கு, இவர்கிட்ட இருக்கு" என்பது அன்று செல்லாது, இருவருமே எதிரில் நிற்பார்கள். பெயர் எழுத்துப்பிழை, சர்வே எண் மாறியிருப்பது, வாரிசுப் பெயர் சேர்ப்பது போன்றவற்றுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. குறை என்னவென்றால் ஆண்டுக்கு ஒருமுறைதான். ஆகஸ்டில் சிக்கல் வந்தவர் அடுத்த மே வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஆர்டிஐ

கிடப்பில் கிடக்கும் கோப்புக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்று இணைத்தால் அந்தப் பத்து ரூபாயும் வேண்டாம். ஏன் கேட்கிறீர்கள் என்று உங்களைக் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். தராத தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை, அவருடைய சொந்தப் பணத்திலிருந்து அபராதம் விதிக்கத் தகவல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. மனுவுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்: இங்கே தனி ஒருவரின் பெயர் மாட்டுகிறது.

என்ன கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "ஏன் என் பட்டாவைத் தாமதிக்கிறீர்கள்?" என்று எழுதினால், விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள். இப்படிக் கேளுங்கள்:

1. எனது விண்ணப்பம் (எண், தேதி) எந்தெந்த அலுவலரிடம் எந்தெந்தத் தேதியில் வந்தது, எந்தத் தேதியில் அவரிடமிருந்து சென்றது?
2. இன்றைய தேதியில் அது யாரிடம் உள்ளது? அவரது பெயர், பதவி.
3. இதன்மீது எழுதப்பட்ட குறிப்புகள், அறிக்கைகள் அனைத்தின் நகல்.
4. எனது விண்ணப்பத்துக்குப் பின் இதே கிராமத்தில் பெறப்பட்டு முடிக்கப்பட்ட பட்டா மாறுதல் விண்ணப்பங்களின் வரிசை எண், பெறப்பட்ட தேதி, முடிக்கப்பட்ட தேதி. (பெயர்கள் தேவையில்லை.)

நான்காவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் பின்னால் வந்தவை எப்படி முன்னால் போயின என்பதை அவர்களே தங்கள் கையெழுத்தோடு எழுதித் தர வேண்டியிருக்கும். தருவதைவிட உங்கள் கோப்பை முடித்துவிடுவது எளிது என்று பல அலுவலகங்கள் முடிவு செய்கின்றன. பதில் வருவதற்கு முன்பே பட்டா வந்துவிடுவது உண்டு.

மறைந்திருக்கும் செலவு, நேரம். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல் அலுவலரிடம் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் பலன் இல்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையம் வரை போனால் விசாரணைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இன்னொன்று, உங்கள் பெயரும் முகவரியும் அலுவலகத்துக்குத் தெரியும். "எதுக்குங்க இதெல்லாம், நேரா வந்திருக்கலாமே" என்று தலையாரி (கிராம உதவியாளர்) வீடு தேடி வரலாம். பயப்படத் தேவையில்லை. மரியாதையாகப் பேசி அனுப்புங்கள், வந்த தேதியைக் குறித்து வையுங்கள், விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாக எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஆர்டிஐ உத்தரவு வாங்கித் தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோப்பு எங்கே நிற்கிறது என்று காட்டும், அதனால் நகரும். நிராகரிப்பை மாற்ற அதனால் முடியாது.

கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாக இணையத்தில் காட்டினால் பலர் மறுபடி 60 ரூபாய் கட்டிப் புதிதாக விண்ணப்பிக்கிறார்கள். அதே மேசை, அதே பதில். காரணம் உண்மையிலேயே விடுபட்ட ஓர் ஆவணம் என்றால் மறுபடி விண்ணப்பிப்பது சரி. காரணம் பொருந்தாதது என்றால் செய்ய வேண்டியது மேல்முறையீடு. பட்டா பாஸ்புத்தகச் சட்டம், 1983இன்படி வட்டாட்சியர் நிலை உத்தரவின் மேல் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், அதன் மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் செய்யலாம். உத்தரவு நகல் கிடைத்த ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்துவிடுங்கள். இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிப்பார், உத்தரவு எழுத்தில் வரும். வழக்கறிஞர் இல்லாமலே நடத்தலாம். நிலம் யாருக்குச் சொந்தம் என்பதிலேயே தகராறு என்றால் மட்டும் இது உதவாது. அது உரிமையியல் நீதிமன்றம் தீர்க்க வேண்டியது.

லஞ்ச ஒழிப்புத் துறை

தொகை சொல்லிக் கேட்டுவிட்டார் என்றால், இதுதான் நேர்வழி. ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் என்ற இந்தத் துறை 1964 முதல் இயங்குகிறது, மாவட்டங்களில் அலுவலகம் உண்டு. தகவல் கசிந்துவிடும் என்ற அச்சத்தில் பலர் தயங்குகிறார்கள். இங்கே விசாரிப்பவர்கள் வருவாய்த் துறையினர் இல்லை, காவல் துறையினர்.

நடைமுறை இது. எழுத்தில் புகார் கொடுக்கிறீர்கள், முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. வேறு துறைகளைச் சேர்ந்த அரசு ஊழியர்கள் இருவரைச் சாட்சிகளாக அழைப்பார்கள். நீங்கள் கொண்டுவந்த நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, பினாப்தலீன் பொடியைத் தடவுவார்கள். அதைத் தொட்ட கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாக மாறும். அதை உங்கள் முன்பே செய்துகாட்டுவார்கள். பிறகு சாட்சி ஒருவருடன் நீங்கள் அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

இங்கே ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: அவர் கேட்காமல் நீங்களாக நீட்டக் கூடாது. பணம் அவரிடம் இருந்தது என்பது மட்டும் குற்றத்தை நிரூபிக்காது, அவர் கேட்டார், வாங்கினார் என்ற இரண்டும் நிரூபணமாக வேண்டும். புகார்தாரர் பின்னால் பிறழ்சாட்சியானாலும், இறந்தே போனாலும், சூழ்நிலைச் சாட்சியங்களை வைத்து இவற்றை நிரூபிக்கலாம் என்று நீரஜ் தத்தா வழக்கில் 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. போனில் கேட்டிருந்தால், பதிவு உள்ள போனையே பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்பிவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள்.

இனி மறைந்திருக்கும் செலவுகள். பணம் வழக்கின் சாட்சியப் பொருள் ஆகிவிடும். திரும்பக் கிடைப்பது எப்படி, எப்போது என்று புகார் கொடுக்கும்போதே கேளுங்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் போகும், சாட்சிக் கூண்டில் ஏறி எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். கடைசியாக, உங்கள் பட்டாக் கோப்பையே ஆவணமாகக் கைப்பற்றிக்கொண்டு போவார்கள். கேட்டவர் கைதானார், வேலை அப்படியே நின்றது என்ற நிலை வரக் கூடாது என்றால், கைது நடந்த மறுநாளே வட்டாட்சியருக்கும் கோட்டாட்சியருக்கும் தனியாக எழுதி, அந்த இடத்துக்கு வரும் அடுத்த அலுவலரைக் கொண்டு உங்கள் விண்ணப்பத்தை முடித்துத் தரும்படி கேளுங்கள்.

நாள்கூலிக்குப் போகிறவர், அதே கிராமத்தில் ஆதரவில்லாமல் இருப்பவர், நீதிமன்றம் வரை நிற்க முடியுமா என்று முதலில் யோசிக்கட்டும். முடியாது என்றால் ஆர்டிஐ வழியே போவதில் எந்தத் தாழ்வும் இல்லை. நிற்க முடிந்தவர்கள் புகார் கொடுத்தால் அந்த வட்டம் முழுவதும் சில காலமாவது மூச்சுவிடும்.

பூஜ்ஜிய ரூபாய் நோட்டு

ஊழலுக்கு எதிராக இயங்கும் ஐந்தாவது தூண் அமைப்பு இதை 2007இல் அச்சடித்து வழங்கத் தொடங்கியது. லஞ்சம் கேட்பவரிடம் பணத்துக்குப் பதிலாக நீட்டுவதற்கு. சட்ட வலிமை எதுவும் இல்லை. வாயால் மறுக்கக் கூச்சப்படுபவர்களுக்கு மறுப்பதற்கு ஒரு துணை, அவ்வளவுதான்.

எல்லா மேசையிலும் கேட்பவர்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துப் போகாதீர்கள். தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில் மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், 2023 ஏப்ரலில் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அவரைப் போன்றவர்களும் இதே துறையில்தான் இருக்கிறார்கள். முதல் நாள் பேச்சு மரியாதையாகவே இருக்கட்டும்.

உயர் நீதிமன்றம்

அரசியல் சாசனத்தின் 226ஆம் பிரிவின் கீழ் ரிட் மனு. தென் மாவட்டத்துக்காரர்கள் சென்னை வரை வர வேண்டாம், 2004 முதல் மதுரைக் கிளை இருக்கிறது. ஆனால் எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். "பட்டா கொடு" என்று நீதிமன்றம் சொல்வது அரிது. "மனுதாரரின் விண்ணப்பத்தை இத்தனை வாரத்துக்குள் சட்டப்படி பரிசீலித்து முடிவெடு" என்றுதான் பொதுவாக உத்தரவு வரும். முடிவு உங்களுக்கு எதிராகவும் இருக்கலாம். அந்தக் காலக்கெடுவை மீறினால் அவமதிப்பு மனு என்பதுதான் இதன் பலம். போகும்போது விண்ணப்ப ரசீது, ஆட்சியர் மனு, ஆர்டிஐ பதில் மூன்றும் கையில் இருந்தால் வழக்கு பாதி முடிந்த மாதிரி.

வழக்கறிஞர் கட்டணத்துக்கு அஞ்சி நிற்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987இன்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. நீதிமன்ற வளாகங்களில் இயங்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், 15100க்கும் அழைக்கலாம்.

நாள் குறைவாக இருந்தால்

மேலே சொன்ன வரிசை பட்டாவுக்குப் பொருந்தும். கல்லூரிக் கலந்தாய்வுக்குச் சாதிச் சான்று, வருமானச் சான்று வேண்டும் என்றால் 30 நாள் காத்திருக்க முடியாது. அந்த நேரத்தில் கலந்தாய்வு அழைப்பின் நகலையும் விண்ணப்ப ரசீதையும் எடுத்துக்கொண்டு வட்டாட்சியரை நேரில் பாருங்கள். கடைசித் தேதியை எழுத்தில் குறிப்பிட்டு ஒப்புகை வாங்குங்கள், அன்றே 1100இலும் பதியுங்கள். எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று எழுத்தில் வாங்கிய பிறகும் தாமதித்தால் பொறுப்பு அவர் மேல் விழும் என்பது அவருக்குத் தெரியும். பழங்குடியினர் சான்று மட்டும் கோட்டாட்சியர் நிலையில் கொடுப்பது, அதனால் வட்டாட்சியர் அலுவலகத்தில் நின்று நாளைக் கழிக்காதீர்கள். இருளர், காட்டுநாயக்கர் குடும்பங்கள் இந்தச் சான்றுக்கு ஆண்டுக்கணக்கில் அலைவது வழக்கமாகிவிட்டது. அவர்களுக்குத் தெரிந்தவர் யாராவது இதைப் படித்தால், பள்ளி இறுதி வகுப்பு வரை காத்திருக்காமல் பிள்ளை ஆறாம் வகுப்பில் இருக்கும்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், இலவச வழக்கறிஞருக்கும் அப்போதே எழுதிக் கொடுங்கள்.